கோட்டுப் போடாத முகங்கள்

இறந்தவர்களுக்குக் கோட்டு மாட்ட மறுத்த ஒரு பெண்ணோடு நாலரை வருடம் ஒரே அறையில் வேலை செய்தேன். கிளிநொச்சியில், பெரிய தெருவிலிருந்து இரண்டு கடை உள்ளே தள்ளி இருந்த ஓர் அச்சகம் அது. முன்னால் போட்டோக் கொப்பி இயந்திரமும் முதலாளியின் கதிரையும். பின்னால், மின்விசிறி சுற்றுகிறதா இல்லையா என்று அண்ணாந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டிய ஓர் அறை. அதில் இரண்டு கணினிகள், ஒன்று எனக்கு, மற்றது அக்காவுக்கு. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். முதலாளியைத் தவிரக் கடையில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவருடைய பெயரை இங்கே எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

எங்கள் பக்கத்துச் செத்தவீட்டு வழக்கத்தை அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். ஒருவர் இறந்தால் முதலில் கண்ணீர் அஞ்சலி நோட்டீசு. பிறகு சந்தியில் கட்டப் பனர், அதாவது பதாகை. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கக் கல்வெட்டு என்று சொல்லப்படும் நினைவுப் புத்தகம். மூன்றுக்கும் படம் வேண்டும், படத்துக்குத்தான் பஞ்சம். சண்டைக்குள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிய சனத்திடம் அல்பம் எங்கே இருக்கும்? அடையாள அட்டைப் படம், முகாமில் பதிவுக்கு எடுத்த படம், யாருடையதோ கலியாண வீட்டில் மூன்றாவது வரிசையில் நின்ற ஒரு தலை. கழுத்துக்குக் கீழே ஒன்றும் இராது. அங்கேதான் கோட்டு வருகிறது. எல்லா அச்சகக் கணினிகளிலும் தலையில்லாத கோட்டுகள் ஒரு கோப்பு நிறையக் கிடக்கும். கறுப்பு, நீலம், சாம்பல். வாழ்நாள் முழுக்கச் சாரமும் சால்வையுமாகத் திரிந்த மனிதர்கள், செத்த பிறகு வங்கி முகாமையாளர்களாகச் சுவரில் தொங்குவார்கள்.

அக்கா அதைச் செய்யமாட்டார்.

"ஐயா கோட்டுப் போடுறவரோ?" என்று கேட்பார்.

"இல்லைப் பிள்ளை, எண்டாலும் ஒரு வடிவுக்கு..."

"அப்ப வேண்டாம். சேட்டில்லாமல் இருந்த மனிசனெண்டா அப்பிடியே போடுவம். வாற சனத்துக்கு அவரைத் தெரியும்தானே."

சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள். ஒருநாள் முதலாளி பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்தார். "பிள்ளை, செத்த ஆளுக்குக் கோட்டுப் போட்டா உமக்கென்ன நட்டம்? அந்தாள் எழும்பி வந்து ஏனெண்டு கேக்கப்போறாரோ?"

"அதுதான் முதலாளி. அவர் வந்து கேக்கமாட்டார். கேக்கக்கூடிய ஆளெண்டா நான் போட்டிருப்பன்."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் கைக்கு மாற்றுக் கை வவுனியா வரை தேடினாலும் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அச்சுப்பிழை என்ற ஒன்று அக்காவின் பக்கங்களில் வந்து நான் பார்த்ததில்லை. உறவினர் பெயர்கள் வரும் பக்கத்தைக் கடைசிப் பெயரிலிருந்து முதற்பெயருக்கு, கீழிருந்து மேலாக விரல் வைத்து வாசிப்பார். மூன்று தரம் வாசித்த பிறகுதான் அச்சுக்கு விடுவார்.

முல்லைத்தீவு வழியில் முப்பது வருடம் பஸ் ஓட்டிய ஒருவருக்கு அவர் செய்த கல்வெட்டு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. குத்துவிளக்கு இல்லை, தாமரை இல்லை. பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு கோடு மேலிருந்து கீழே இறங்கும். கோட்டில் தரிப்பிடங்களின் பெயர்கள். ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் எதிரே அந்த மனிதரின் வாழ்க்கையில் அங்கே நடந்த ஒன்று: இந்தச் சந்தியில் பெண் பார்த்தார், இந்த ஆஸ்பத்திரியில் மூத்தவள் பிறந்தாள், இந்த இடத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தார். கடைசிப் பக்கத்தில் கோடு மட்டும் இருந்தது, பெயர் இல்லை. அந்தக் குடும்பத்தின் மூத்த மகள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு கடை வாசற்படியிலேயே இருந்துவிட்டாள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நான் அன்னம் வைத்தேன். பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்திய வீட்டு அல்பங்களில் பிள்ளைக்குப் பின்னால் நீந்தும் அன்னங்கள், பிறந்தநாள் பனரில் பலூன்கள், செத்தவர்களுக்குக் கோட்டு. அக்கா அமைத்த பக்கங்களுக்கு நிறம் திருத்தி அச்சுக்கு அனுப்புவதும் என் வேலை. சனத்துக்கு என் வேலைதான் பிடிக்கும். அதை இப்போதும் பெருமையாகச் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்குச் சுயவிபரக்கோவையும் கணினியில் ரைப் அடித்துக் கொடுத்தோம். முழுப்பெயர், முதலெழுத்துகளுடன் பெயர், கிராம அலுவலர் பிரிவு, சமயம், விவாகமானவரா, நிரந்தர முகவரி, உறவினரல்லாத இருவரின் பெயர். இந்தப் பட்டியலைக் கண்டாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருடைய தகப்பன் மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் எழும்பி ஓடிய இடங்களை எண்ண இரண்டு கை விரல்கள் காணாது.

"நிரந்தர முகவரியாம்" என்று சிரிப்பார். "எந்த நிரந்தரத்தைப் போடச் சொல்லுறாங்கள்?"

பிறகு பல்லூடகம் படித்த, வீடியோ வெட்டப் படித்த பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வழமையான கடதாசி போதாது. கையில் தொழில் இருக்கிறது என்று கடதாசியே சொல்லவேண்டும். அக்காவுக்குக் கொண்டாட்டம். முதலில் வந்தது ஓமந்தைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. யாழ்ப்பாணத்தில் கலியாண வீடியோ செய்கிற இடமொன்றில் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அக்கா ஒரு முழுப் பக்கத்துக்கு அவளுடைய சிரித்த முகத்தை வைத்து, கீழே பெயர், பிறந்த திகதி, படித்த இடம் என்று அளவாக எழுதி, ஓரமெல்லாம் வெள்ளை விட்டு, அப்படி ஒரு வடிவான தாள் செய்தார்.

எடுத்துப்போக வந்தவர் தாய். மேசையில் கிடந்த தாளைப் பார்த்தார். "ஐயோ, என்ரை பிள்ளை!" என்ற சத்தத்துக்குத் தெருவே திரும்பியது. பேருந்தில் காலையில் ஏற்றிவிட்ட மகள் செத்துப்போய், அதற்குள் நோட்டீசும் அடித்தாயிற்று என்று நினைத்துவிட்டார். மகளைத் தொலைபேசியில் பிடித்துக் குரலைக் கேட்கவைத்த பிறகும் அழுகை நிற்கவில்லை. அந்தத் தாளைக் கையாலும் தொடமாட்டேன் என்று போய்விட்டார். பிழை அவரிலும் இல்லை. பெரிய முகமும் கீழே பிறந்த திகதியும் இருந்தால் எங்கள் ஊரில் அடுத்த வரியை வாசிக்கத் தேவையில்லை.

நான் வயிறு நோகச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "நான் செத்த ஆக்களுக்கே வேலை செய்து பழகிப்போட்டன் தம்பி" என்றார். "ஒருக்காவெண்டாலும் உயிரோட இருக்கிற ஆக்களுக்கு வேலை செய்யவேணும்." அதை அவர் அதற்குப் பிறகும் பலமுறை சொன்னார். அவருக்கிருந்த ஆசை அந்த ஒன்றுதான்.

நாயாற்றிலிருந்து வந்த பெண்ணின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். மகளுக்குச் சாமத்திய வீடு. கணவர் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். அவருடைய ஒரு படம் இருக்கிறது, கலியாணத்துக்கு முன் எடுத்தது. மகளுக்குப் பக்கத்தில் அவர் நிற்கிறமாதிரி ஒரு படம் செய்து தரவேண்டும் என்று கேட்டார். அக்கா நெடுநேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"இவரைத் தனிய ஒரு பக்கத்தில, பெரிசா, வடிவாப் போட்டுத் தாறன். பக்கத்தில நிக்கிறமாதிரி என்னாலை செய்யேலாது."

"நிண்டிருப்பார்தானே பிள்ளை. இருந்திருந்தா நிண்டிருப்பார்தானே."

"ஓம். நிண்டிருப்பார்" என்றார். எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். அக்கா திரும்பி வருவதற்குள் நான் செய்து முடித்துவிட்டேன். அந்த இளம் முகத்துக்கு ஒரு பட்டு வேட்டி, ஒரு வெள்ளைச் சேட்டு, பிள்ளையின் தோளில் ஒரு கை. அந்தப் பெண் கணினித் திரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, "நீங்கள் நல்லா இருப்பியள் தம்பி" என்றார்.

அச்சான படத்தை அக்கா பிறகு பார்த்தார். "அந்தக் கை ஆற்றை?" என்று மட்டும் கேட்டார். யாருடையது என்று எனக்கும் தெரியாது.

அந்த விடயத்தில் நான் செய்ததே சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். என்னைக் கெடுத்ததும் அதுதான். ஒரு பொய் ஒரு மனுசியின் முகத்தை அப்படி மலரவைத்ததைக் கண்ட பிறகு, பொய்க்குப் பயப்படுவது எனக்கு விட்டுப்போயிற்று.

கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்துக்குத் தமிழ் வடிவமைப்பாளர் ஒருவர் தேவை என்று அறிவித்தல் வந்தது. ஓரிடம்தான். வழமையான சுயவிபரக்கோவை வேண்டாம், அனுப்பும் கடதாசியே முதற் பரீட்சை என்று போட்டிருந்தார்கள். அக்கா அதை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். நான் கேட்காமலே சொன்னார்: "நான் போடப்போறன். நீரும் போடும். ரெண்டு பேரில ஆர் போனாலும் மற்ற ஆளுக்கு வழி தெரியும்."

"எனக்கும் நீங்களே செய்து தாங்கோவன் அக்கா."

செய்து தந்தார். போட்டியாளனுக்குத் தன் கையாலேயே செய்து தருகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். என் அப்பா இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர். ஒருமுறை புது அரிசி கொண்டு கடைக்கு வந்திருந்தார். அப்போது வாசலில் வைத்து அவரை அக்கா கைபேசியில் ஒரு படமும் எடுத்திருந்தார். அந்த நினைவில் என் தாளை ஒரு வயற்காணி மாதிரி அமைத்தார். நாலாக மடித்த தாள். நடுவில் ஒரு வாய்க்கால் ஓடும். அதிலிருந்து நாலு வயலுக்கும் மடை திறந்திருக்கும். வயல்கள் வெறுமையாக இருந்தன.

"உம்மட வேலையளில நல்ல நாலைப் பாத்து இதுக்குள்ள வையும்" என்றார்.

இரண்டு நாள் தேடினேன். அன்னம், கோட்டு, பலூன், கோட்டு. அந்த வாய்க்கால் ஓரத்தில் வைக்க என்னிடம் ஒரு நல்ல நெற்கதிர் கிடையாது. மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா சாப்பிடப் போன நேரம், அவருடைய கோப்புகளிலிருந்து நாலை எடுத்து வைத்தேன். பஸ் சாரதியின் கல்வெட்டு. ஒரு மகளிர் சங்கத்துக்குச் செய்த கச்சான் கடலைப் பக்கற். மீன்பிடிக் குடும்பம் ஒன்றின், வலைக்கண்ணிகளே கரையாக ஓடும் கலியாண அழைப்பிதழ். ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சிப் பனர். நாலுக்கும் நிறம் திருத்தியவன் நான்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் தாளை அச்செடுத்து, மடித்து, தபாலுறையில் போட்டு ஒட்டியாயிற்று.

கொழும்பில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறை. தமிழ்ப் பிரிவுக்குப் பொறுப்பானவர் என் தாளை விரித்து, மடித்து, மறுபடி விரித்தார். "இந்த மாதிரி ஒண்ணு எங்களுக்கு இதுவரைக்கும் வந்ததில்ல" என்றார். பிறகு இன்னொரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். வெள்ளைத் தாள், முகம் இல்லை, ஒரே மடிப்பு. பார்த்ததும் யாருடைய கை என்று தெரிந்துவிட்டது.

"இதே நாலு வேலையும் இதுலயும் இருக்கு. கடையும் உங்க கடைதான். யார் இவங்க?"

ஒவ்வொரு வேலைக்கும் கீழே அக்கா பொடி எழுத்தில் போட்டிருந்தார். எழுதியது: குடும்பத்தினர். பக்க அமைப்பு: நான், அதாவது அக்கா. நிறத் திருத்தம்: அதற்கு நேரே என் பெயர். நாலு இடத்திலும் என் பெயர்.

உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவசரத்தில் வாய் தவறியது என்று சொல்ல முடியாது. அந்த மனிதர் தண்ணீர்க் கோப்பையை எடுத்து, குடித்து, கீழே வைக்கும்வரை நேரம் இருந்தது.

"அவா எங்கட கடையில ரைப் அடிக்கிறவா, சேர்" என்றேன்.

அது பொய்யும் இல்லை. அக்கா ரைப்பும் அடித்தார்.

"ஓ" என்றார் அவர். "அப்ப மனசு உறுத்தி உங்க பேரையும் ஓரமாப் போட்டிருக்காங்க போல." வெள்ளைத் தாளைக் கவிழ்த்து வைத்தார். அதன் பின்பக்கமும் எவ்வளவு வடிவாக வெறுமையாக இருந்தது என்பதை நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஒரு கிழமைக்குள் எனக்கு வேலை கிடைத்த செய்தி வந்தது. அன்றைக்கே அக்காவுக்கும் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன் என்று என்னை நம்பி, "இதில என்ன சொல்லுறாங்கள் தம்பி?" என்று திரையைத் திருப்பினார்.

மூன்று வரி. விண்ணப்பித்ததற்கு நன்றி. வேறொருவரைத் தெரிவுசெய்துவிட்டோம். மற்றவர்களின் வேலைகளை உங்களுடையவை என்று இனிமேல் எங்கும் அனுப்பவேண்டாம்.

"வேற ஆளை எடுத்திட்டாங்களாம் அக்கா."

அவர் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார். "மூண்டு வரி கிடக்கு. நீர் ஒரு வரிதான் சொன்னீர்."

"மற்றதெல்லாம் மரியாதைக்கு எழுதிறது."

"ஆ" என்றார். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, அன்றைக்குக் கொடுக்கவேண்டிய கல்வெட்டின் பெயர்களைக் கீழிருந்து மேலாக வாசிக்கத் தொடங்கினார். கைபேசியில் போட்டால் தமிழில் சொல்லிவிடும் காலம் இது. அந்தக் கடைசி வரியை அவர் எப்போது அறிந்தார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது வழமைபோல இருந்தார்.

நான் புறப்பட்ட அன்று முதலாளி கேக் வெட்டினார். அக்கா ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"உம்மட கோட்டெல்லாம் இதில கிடக்கு. கொண்டு போம். இஞ்ச ஆருக்கும் தேவைப்படாது."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பஸ் ஓமந்தையைத் தாண்டும்போதுதான் அவர் சிரிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

கொழும்பில் நான் நன்றாக இருக்கிறேன். நாயாற்றுப் பெண்ணின் வாக்குப் பலித்துவிட்டது. ஒன்றுக்கொன்று உறவில்லாத நாலு பேரை ஒரு குடும்பமாக நிறுத்தி, பற்பசைக்கும் காப்புறுதிக்கும் சிரிக்கவைக்கிறேன். அந்த வயற்காணித் தாளை அலுவலகத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், புதிதாக வருகிற பிள்ளைகளுக்குக் காட்ட. கீழே என் பெயர் இருக்கிறது. அதைக் கழற்றச் சொல்ல எனக்கு ஒவ்வொரு நாளும் வாய் இருந்தது. சொல்லவில்லை. அக்காவுக்கு வேறெங்கும் வேலை கிடைத்ததாகவும் கேள்விப்படவில்லை.

போன மாரியில் அப்பா காலமானார். கல்வெட்டு வேலையைத் தங்கச்சி அதே அச்சகத்தில் கொடுத்தாள். பெயர்களும் தொழில்களும் எழுதி அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். என் பெயருக்குக் கீழே, "தலைமை வடிவமைப்பாளர், கொழும்பு" என்று எழுதியிருந்தேன்.

"அக்கா ஏதும் கேட்டவாவோ?" என்று தங்கச்சியிடம் கேட்டேன்.

"ஒண்டும் கேக்கேல்லை அண்ணா. அப்பான்ரை படம் தன்னட்டை கிடக்கு, வேற வேண்டாமெண்டவா. என்ரை மனுசன் ஒரு கோட்டுப் போடச் சொல்லிக் கேட்டுப் பேச்சு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்."

முப்பத்தோராம் நாள் காலை புத்தகக் கட்டுகள் வந்தன. அட்டையில் அப்பா. கடை வாசலில், தோளில் சால்வையோடு, அரிசிப் பையை இறக்கி வைத்த களைப்போடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். அது அப்பாதான். வேறு யாராலும் அவரை அப்படி வைத்திருக்க முடியாது. பார்த்ததும் அழுதுவிட்டேன். தண்ணீர் வாய்க்காலாக ஒரு மெல்லிய கோடு பக்கம் பக்கமாக ஓடியது. உறவினர் பக்கத்துக்கு வந்தேன். தங்கச்சியின் பெயர், அதன் கீழே ஆசிரியை. அவள் கணவரின் பெயர், அதன் கீழே கிராம அலுவலர். என் பெயர். அதன் கீழே வெள்ளை. ஒரு வரிக்கு வேண்டிய இடம் அளவெடுத்து விடப்பட்டிருந்தது.

தங்கச்சி பதறிப்போனாள். "நான் அனுப்பினனான் அண்ணா, இஞ்ச பாருங்கோ" என்று கைபேசியை நீட்டினாள். "போய் ரெண்டு கேள்வி கேட்டுக்கொண்டு வரட்டே?"

"வேண்டாம்" என்றேன். "விடு."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பந்தி போட்ட நேரம், செட்டிகுளத்திலிருந்து வந்திருந்த மாமா கண்ணாடியை உயர்த்திக்கொண்டு அந்தப் பக்கத்தை வாசித்தார். பந்தியில் இருந்த எல்லோருக்கும் கேட்கக்கூடிய குரல் அவருக்கு.

"தம்பி கொழும்பில என்ன வேலை செய்யிறீர்? எல்லாற்றையும் போட்டிருக்கு, உம்மட மட்டும் காணேல்லை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புத்தகம் என் மடியிலும் திறந்துதான் கிடந்தது.

"ரைப் அடிச்சவா விட்டிட்டா, மாமா" என்றேன்.